முன்னூறு குதிரைகளும் ஒரு பனியன் மூட்டையும்

நாற்பத்து நான்கு வயதில், வாயுத் தொல்லைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒரு காரைப் பார்த்து மயங்கினேன். கவிதைக்காகச் சொல்லவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கூட வந்தவர் தோளைத் தொட்டு அசைத்த பிறகுதான் மூடினேன். ஒரு பெண்ணைப் பார்த்து அப்படி நின்றிருந்தாலாவது வயசுக் கோளாறு என்று நாலு பேர் மன்னித்திருப்பார்கள். கார் விஷயத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. இந்தக் கதையை நான் பல பேரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாக வருவேன். இதில் வரமாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் மனைவியின் அண்ணனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட கொட்டகை, துணியைக் குழாய் மாதிரி பின்னித் தள்ளும் நிட்டிங் மிஷின்கள் சில, ஒரு கட்டிங் மேஜை, தையல் மிஷின் வரிசை. மச்சானுக்குப் பூர்வீகம் சாமளாபுரம், தறிக் குடும்பம். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்லுவார். நான் அந்தக் கம்பெனியின் இங்கிலீஷ். மேனேஜர் என்று அட்டை அடித்து வைத்திருந்தேன், ஆனால் வேலை கடிதம் எழுதுவது மட்டும்தான். கோயம்புத்தூரின் பழைய புத்தகக் கடைகளில் நாவல் நாவலாக வாங்கிப் படித்து வளர்த்த இங்கிலீஷ் அது. காதலை மறுப்பதற்கும் தூக்குமேடையில் நின்று பேசுவதற்கும் கச்சிதமாக இருக்கும். பனியன் விற்பதற்குக் கொஞ்சம் நீளம்.

அந்த வருஷம் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் வியாபாரம் படுத்துவிட்டது. வடக்கேயிருந்து வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிற வியாபாரிகளைக் காணவில்லை. பாதி மிஷின்களுக்கு மேலே துணியைப் போர்த்தி வைத்திருந்தோம். அதைப் பார்க்கிற போதெல்லாம் மச்சான் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார். வேலையாட்கள் ஒருவர் ஒருவராக வேறு இடம் தேட ஆரம்பித்த நேரத்தில்தான் என் நீளமான கடிதங்களில் ஒன்றுக்கு அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. அங்கே தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் உள்ளாடை மொத்த வியாபாரம் செய்கிறவர். நேரில் வாருங்கள், ஒவ்வொரு சைஸிலும் மாதிரி கொண்டு வாருங்கள், அளவு ஒத்துவந்தால் ஆர்டர் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

மச்சான் கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அமெரிக்கா போயிட்டு வந்ததும் அத்தன மிஷினையும் ஓட்டறமுங்க. அதுவரைக்கும் யாரும் வேற பக்கம் போயிராதீங்க சாமீ" என்றார். சொன்ன பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க மாப்ளே, ஓட்டிருவமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆக, போர்த்தின துணியை எடுப்பதா இன்னும் இறுக்கிக் கட்டுவதா என்பது ஒரே ஒரு மூட்டையில் இருந்தது. முப்பத்து நான்கிலிருந்து நாற்பத்து இரண்டு வரை, ஒவ்வொரு சைஸிலும் மச்சானே பக்கத்தில் நின்று வெட்டவைத்துத் தைக்கவைத்த வெள்ளைப் பனியன்கள். நம் வழக்கப்படி காடாத் துணியில் வைத்து, கோணூசியால் நாலு பக்கமும் தைத்த மூட்டை. விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். கேட்டு வாங்க வந்த விமானப் பணிப்பெண்ணிடம் தமிழிலேயே, "இல்லீங் கண்ணு, இது இங்கயே இருக்கட்டும்" என்றார். அந்தப் பெண்ணும் என்ன புரிந்ததோ, விட்டுவிட்டாள்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து வியாபாரியின் ஊருக்கு அரை நாள் பயணம். மறுநாள் காலையில் அங்கே இருக்க வேண்டும். நான் இண்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன். திருப்பூரில் கம்பெனியின் பழைய அம்பாசிடரை ஓட்டுகிறவன் நான்தான். அவினாசி ரோட்டில் பஞ்சு ஏற்றின மாட்டு வண்டிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து எனக்கு இரண்டாம் கியருக்கு மேல் ஒரு தத்துவ ஈடுபாடு மட்டுமே இருந்தது.

கார் வாடகைக்கு விடுகிற இடம் ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டி இருந்தது. பல்குத்தும் குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே பேசுகிற ஒரு ஆள். அவரிடம் அன்று இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று காப்பிக்கலரில், பின்னால் நீளமாக, நாலு கதவும் நல்ல குணமும் உள்ள குடும்ப வண்டி. இன்னொன்றைப் பார்த்துத்தான் என் வாய் திறந்தது.

சிவப்பு. முன்பக்கம் இவ்வளவு நீளம். பின்பக்கம் குட்டையாகத் திரண்டு, பாய்வதற்கு முன்னால் பதுங்கின மாதிரி. திருமுருகன்பூண்டிப் பட்டறையில் பாதி செதுக்கி நிறுத்திய கல் யாளியை ஞாபகப்படுத்தியது. மீதிப் பாதியைச் செதுக்கினால் கடித்துவிடும் என்று சிற்பி பயந்து விட்டுவிட்டது போல. மேலே கூரை துணிக்கூரை. அந்த ஆள் சாவியைத் திருப்பினார். அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். என் வாயு கலைந்துவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினார், கூரை அதுவாகவே மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

"முன்னூறு ஹார்ஸ்பவர்" என்றார் அவர்.

மச்சானுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஹார்ஸ்பவர் என்பது இங்கிலீஷ் இல்லையே. கொங்கு நாட்டில் கிணறு வைத்திருக்கிற எவருக்கும் அது தாய்மொழி.

"முன்னூறு எச்.பி.யா சொல்றாப்டி? நம்ம கெணத்து மோட்டாரே அஞ்சுதானுங்க மாப்ளே!"

"ஆமாங்க மச்சான்."

"இத்தன எச்.பி. இருந்தா நொய்யல் ஆத்தையே எறைச்சுப் போடலாமுங்களே. நாம ரெண்டு பேரும் ஒரு மூட்டையும் போறதுக்கு எதுக்குங்க இது?"

நியாயமான கேள்வி. அதனால் இங்கிலீஷில் அந்த ஆளிடம், "இதையே எடுத்துக்கொள்கிறோம்" என்றேன்.

மச்சான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இத்தாப் பெரிய வண்டிக்கு ரெண்டே கதவுதானுங்களா? பின்னாடி உக்காரறவன் எப்படிங்க ஏறுவான், எகிறிக் குதிச்சா?" என்றார். பிறகு, அவருடைய மரியாதைக்கு அதற்கு மேல் எதிர்ப்புத் தெரிவிக்க முடியாது என்கிற குரலில், "எனக்கென்னமோ அந்தக் காப்பிக்கலரு போதும்னு படுதுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று முடித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் உங்களுக்குத் தெரியாததா என்று சொன்னால், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்தும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

டிக்கியில் மச்சானின் தகரப் பெட்டி ஏறிக்கொண்டது. பருப்புப்பொடி, முறுக்கு, ஒரு பம்ப் ஸ்டவ், இரண்டு படி அரிசி. அமெரிக்காவில் அரிசி கிடைக்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பெட்டிக்குப் பிறகு டிக்கியில் இடமில்லை. இருந்திருந்தாலும் மூட்டையை அங்கே வைத்திருக்க மாட்டார். பின் சீட்டில் நடு மத்தியில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார். தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கில் விபூதியைத் தொட்டு ஒரு கீற்று வைத்தார். முருகன் பெயரைச் சொன்னார். நான் ஆக்ஸிலேட்டரை அம்பாசிடரில் மிதிக்கிற மாதிரி மிதித்தேன்.

அடுத்து நடந்ததை ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. வண்டி போனது, நாங்கள் உள்ளே இருந்தோம். அம்பாசிடரை மிதித்தால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகு நகரும். அந்த இடைவெளியில் மனிதன் மனதை மாற்றிக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் பிரேக் எங்கே என்று கண்டுபிடித்தேன். மச்சானின் தலைமுடி, எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரியிருந்த முடி, நிமிர்ந்து நின்றது.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"ஒண்ணுமில்லீங்க. இருக்கறமான்னு பாத்தேனுங்க."

அதற்குப் பிறகு நான் வாழ்நாள் வழக்கப்படி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டேன். முன்னூறு குதிரைகளில் ஒரு நாலைந்தை மட்டும் எழுப்பி, மற்றவற்றைத் தூங்கவிட்டு ஓட்டினேன். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பஞ்சுக் காடு. மச்சானுக்கு உயிர் வந்தது. நிறுத்தச் சொல்லி, வேலியோரத்தில் வெடித்திருந்த ஒரு காயைப் பறித்து, பஞ்சை இழுத்துப் பார்த்து, "எழை நீளந்தானுங்க, நல்ல பஞ்சு" என்று அந்த நாட்டுக்குச் சான்றிதழ் கொடுத்தார். வெயில் இதமாக இருந்தது. கூரை இல்லாத காரில் காற்று முகத்தில் அடித்தது. நான் என்னைக் கொஞ்சம் இளைஞனாகவே நினைத்துக்கொண்டேன். மழை அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தது என்று நினைக்கிறேன்.

நம்மூர் மழை முதலில் இருட்டும், காற்றடிக்கும், மண் வாசனை வரும், கொடியில் காயப்போட்டதை எடுப்பதற்கு அவகாசம் தரும். அந்த ஊர் மழைக்கு இந்த நாகரிகங்கள் தெரியவில்லை. ஒரு மேகம் வந்தது, கொட்டியது. நான் வண்டியை ஓரங்கட்டி, பழக்க தோஷத்தில் என்ஜினை அணைத்தேன். ரயில்வே கேட்டில் நின்றால்கூட என்ஜினை அணைக்கிற ஊர்க்காரன் நான். பிறகு பொத்தானை அமுக்கினேன். கூரை எழுந்தது. பாதி தூரம் வந்தது. வானத்தைப் பார்த்து நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன். 'ம்ம்ம்' என்று முனகியது. வரவில்லை. மடிந்தும் போகவில்லை.

நான் அந்தக் கூரையிடம் இங்கிலீஷில் பேசினேன். நாவல்களில் படித்து, உபயோகிக்கச் சந்தர்ப்பம் கிடைக்காமல் வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வந்தன. மச்சான் கோட்டைக் கழற்றி மூட்டைக்குப் போர்த்தினார். அதன்மேல் தான் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்ற கூரை ஒரு பெரிய பனையோலை மாதிரி, தன்மேல் விழுந்த மழையையெல்லாம் சேகரித்துப் பின் சீட்டுக்குள் ஊற்றியது. மேலே கவிழ்ந்து படுத்து என்ன பிரயோஜனம்? தண்ணீர் கீழேயிருந்து ஏறியது.

மழை வந்த வேகத்தில் நின்றது. கூரை மட்டும் அப்படியே நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளி அதைப் பழையபடி பின்னால் படுக்க வைத்தோம். மச்சான் தையலைப் பிரித்து மூட்டையைத் திறந்தார். ஒரு பனியனை எடுத்துப் பிழிந்தார். உதறினார். கைகளை விரித்து, சாணும் விரற்கடையுமாக நீளம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சுருங்கிப் போச்சுங்க மாப்ளே" என்றார். "எல்லாமே. இப்படியே கொண்டுபோயி டேப்பு வெச்சான்னா, போயிட்டு வாங்கன்னு அனுப்பிருவான்."

பின்னலாடை அப்படித்தான். ஈரமானால் உயரத்தில் உள்ளே போய்விடும். ஊர்ச் சலவைப் பட்டறையில் என்றால் வெளுத்தபின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, விறைப்பாகக் காயவைத்து, நீராவி உருளைக்கு நடுவே விட்டு எடுப்பார்கள். இங்கே உருளைக்கு எங்கே போவது? அடுத்த ஆள் கண்ணுக்கெட்டின தூரம் இல்லை. கொட்டகையில் கும்பிடாத குறையாக அவர் சொன்ன வார்த்தை இரண்டு பேர் காதிலும் கேட்டுக்கொண்டிருந்தது. என்னுடைய காதில் காப்பிக்கலர் வண்டியும் கூடச் சேர்ந்து கேட்டது.

மச்சான் சாலையோரத்தில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கச் சீட் இரண்டும் தனித்தனிச் சீட். முதுகுப்பக்கம் உயரமாக, தோள் மாதிரி அகன்று, மேலே கழுத்து மாதிரி குறுகி இருந்தன.

"மாப்ளே, இந்தச் சீட்டுக்கு மாட்டிப் பாக்கலாமுங்களா?"

மாட்டினார். தலை வழியாகக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து, அடியில் நுனியைச் சீட்டுக்குள் செருகினார். அந்தச் சிவப்பு வண்டியில், கறுப்புச் சீட்டில், வெள்ளைப் பனியன் அணிந்த ஒரு தலையில்லாத மனிதன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"ஒணத்தியா, ஜோரா நிக்குதுங்க!" என்றார் மச்சான். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

வெயில் திரும்ப வந்துவிட்டது. கூரையும் மூடாது. ஆகவே வண்டியையே காயப்போடும் களமாக்கினோம். பக்கத்துச் சீட்டுக்கு ஒன்று, என் சீட்டுக்கு ஒன்று. அதன்மேல் நான் சாய்ந்து ஓட்ட வேண்டியிருந்ததால் என் முதுகும் ஒரு இஸ்திரிப் பெட்டியாக வேலை செய்தது. மற்றவற்றை மச்சான் பின் சீட்டில் உட்கார்ந்து, கைகளில் மாட்டி, காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டார். சீட்டில் ஒன்று காய்ந்ததும் கழற்றி மடித்து, கையில் இருப்பதில் அடுத்ததைச் சீட்டுக்கு மாட்டுவார். வேகமாகப் போனால் பறந்துவிடும், நின்றால் காயாது என்பதால் எனக்குத் தெரிந்த ஒரே வேகத்தில் ஓட்டினேன். முதல் தடவையாக அது தொழில்நுட்பக் காரணத்துக்காக.

பின்னால் போலீஸ் வண்டி விளக்குச் சுழற்றிக்கொண்டு வந்தது.

இறங்கி வந்த அதிகாரி நல்ல உயரம். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் பனியன் போட்டு உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு பின்னால், இரண்டு கையிலும் பனியனை விரித்துச் சமாதானக் கொடி பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார்.

"இந்த வண்டியை நான் வாரா வாரம் நிறுத்துகிறேன். எப்போதும் வேகத்துக்காக. இன்றைக்குத்தான் பின்னால் வருகிறவர்கள் மாடு போகிறதென்று புகார் சொல்கிறார்கள். என்ன நடக்கிறது இங்கே?"

நான் விளக்கினேன். இந்தியா, திருப்பூர், பின்னலாடையின் இயல்பு, திடீர் மழையின் துரோகம், நாளைக் காலையின் முக்கியத்துவம். தூக்குமேடைப் பேச்சு கடைசியில் பயன்பட்டது. அவர் கடைசிவரை கேட்டார். பக்கத்துச் சீட்டின் பனியனை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரமாக இருக்கிறது. ஓரமாகப் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாருங்க?" என்றார் மச்சான்.

"இன்னும் காயலைன்னாருங்க."

"பாத்தீங்களா! தொழில் தெரிஞ்ச மனுசன்."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டன. தங்கிய விடுதியில் அவற்றை மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே மச்சான் அசையாமல் படுத்துத் தூங்கினார். காலையில் நான் எழுந்தபோது அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். மச்சான் நாற்பது சைஸ் உடம்பு. அளவு பார்க்கப் போட்டிருந்த மாதிரிப் பனியன் தளரத் தளரத் தொடைவரைக்கும் தொங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"முப்பத்தி நாலுங்க மாப்ளே" என்றார்.

"யாரு?"

"இந்தப் பனியனுங்க. லேபிளப் பாருங்க. முப்பத்தி நாலு."

மெத்தையைத் தூக்கி எல்லாவற்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தோம். முப்பத்து நான்கும் நாற்பத்து இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஓரத்துக்கு ஓரம் ஒத்துப்போயின. நடுவில் உள்ளவையும் அப்படியே. எல்லா சைஸும் ஒரே சைஸ். சீட் சைஸ். ஒரே அச்சில் மாறி மாறிப் போட்டுக் காயவைத்தால் வேறு எப்படி இருக்கும்? தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்கக்கூடாது. சுருக்கத்தைப் பார்த்த பதற்றத்தில் அவர் நீளத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வியாபாரியின் கிடங்குக்குப் போகிற வழியெல்லாம் நான் வாக்கியங்கள் தயாரித்தேன். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு, கீழை நாடுகளின் புதிய சிந்தனை, இப்படி. மச்சான் கேட்டுவிட்டு, "வேண்டாமுங்க" என்றார். "மழையில நனைஞ்சுது, சீட்டுக்குப் போட்டோம்னு உள்ளதச் சொல்லீருங்க. பொய்யச் சொல்லி வாங்கற ஆர்டரு நாளைக்கு மூட்டையோட திரும்பி வருமுங்க." பிறகு ரோட்டோரம் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அந்தாளுககிட்டத்தான் என்ன சொல்றதுன்னு தெரீலீங்க" என்றார். கொட்டகையில் காத்திருக்கிறவர்களைச் சொன்னார்.

வியாபாரி வழுக்கைத் தலையும் கழுத்தில் தொங்கும் டேப்புமாக எங்களை வரவேற்றார். மனிதர் நல்லவர், ஆனால் டேப்பை விட்டு என் கண் நகரவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் அவர் மாதிரிகளை மொத்தமாக வாங்கினார். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி ஒரு பெண்மணியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அவற்றைக் கொண்டுபோய், சுவரோரமாக நின்ற ஒரு மிஷினின் வட்டமான கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே எறிந்து, சோப்புத் தூளைப் போட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்.

மச்சான் என் கையைப் பிடித்தார். "என்ன பண்றாங்க மாப்ளே?"

"தொவைக்கறாங்க மச்சான்."

"புதுப் பனியனையா? எதுக்குங்க?"

நான் வியாபாரியிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "துவைக்காமல் எப்படி அளப்பது? கடையில் வாங்குகிறவன் முதல் வாரமே துவைக்கத்தான் போகிறான். துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் நாங்கள் டேப்பே எடுப்போம். எல்லோருக்கும் அப்படித்தான்."

அதைத் தமிழில் சொன்னேன். மச்சான் பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காதர்பேட்டையில் எத்தனையோ பேர் பனியன் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கசக்குவார்கள். இழுத்து விட்டுப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே தூக்கி வெளிச்சம் பார்ப்பார்கள். டஜனைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார்கள், சிலர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். தண்ணீர் பக்கம் மட்டும் யாரும் போனதில்லை. துவைத்த பிறகு பனியன் என்ன ஆகிறது என்பது போட்டுக்கொள்கிறவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நடுவில் உள்ள விஷயம். அந்தப் பழக்கத்தில் வந்த நாங்கள், எப்படியும் தண்ணீரில் போடப்போகிற சரக்கை, தண்ணீர் பட்டுவிட்டதே என்று ஒரு பகல் பூராவும் போலீஸ் காவலோடு காயவைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

துவைத்து, பிறகு சூட்டில் உருட்டிக் காயவைக்கிற இன்னொரு மிஷினில் போட்டு எடுக்கும்வரை காத்திருந்தோம். வட்டக் கண்ணாடிக்குள் பனியன்கள் புரண்டு புரண்டு வருவதை மச்சான் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது சீட்டின் உருவம் மறைந்துவிட்டது. முப்பத்து நான்கு முப்பத்து நான்காகவும் நாற்பத்து இரண்டு நாற்பத்து இரண்டாகவும் பிறந்த இடத்துக்கே திரும்பியிருந்தன. கொஞ்சம் குட்டையாக, அவ்வளவுதான். வியாபாரி ஒவ்வொன்றாக அளந்தார். பக்கத் தையலைக் கூர்ந்து பார்த்தார். மச்சான் உதடு மட்டும் அசைந்தது. முருகன் அன்று முழுவதும் ஓய்வெடுத்திருக்க முடியாது.

"எல்லாம் சுருங்கியிருக்கிறது" என்றார் வியாபாரி. "பருத்தி என்றால் சுருங்கும். ஆனால் எல்லா சைஸும் ஒரே கணக்காகச் சுருங்கியிருக்கிறது, தையல் எங்கேயும் கோணவில்லை. வெட்டும்போதே நீளத்தில் அந்த அளவைக் கூட்டிவிடுங்கள். போன தடவை வேறொருவர் கொண்டுவந்தது துவைத்ததும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. இது பரவாயில்லை. முதலில் சின்ன ஆர்டராகத் தருகிறேன்."

மொழிபெயர்த்துச் சொன்னபோது பாதியிலேயே மச்சான் எழுந்துவிட்டார். கையைக் கூப்பினார். பிறகு, "பாத்ரூம் எங்கிங்க?" என்று கேட்கச் சொன்னார். காலையில் பனியனைப் பார்த்த பதற்றத்தில் போகவே மறந்துவிட்டாராம்.

அவர் வரும்வரை நான் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் நிம்மதி என்று எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். அதில் மலை உண்டு, நதி உண்டு. சோப்பு வாசனையும் வெதுவெதுப்பான பனியன் குவியலும் எதிலும் வந்ததில்லை. தபாலாபீஸ் போன்ற ஒரு இடத்தைக் கண்டுபிடித்து ஊருக்குத் தந்தி கொடுத்தோம். என் வாழ்க்கையில் நான் எழுதின ஆகச் சிறிய இங்கிலீஷ் அது. மிஷின்களை ஓட்டவும். ஒரு வார்த்தை கூட்டச் சொல்லி மச்சான் பக்கத்தில் நின்றார். எல்லா மிஷின்களையும் ஓட்டவும்.

திரும்பிப் போய் வண்டியை ஒப்படைத்தோம். கூரை வரவில்லை என்று குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னேன். பல்குச்சி ஆள் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டு, பொத்தானை அமுக்கினார். கூரை நல்ல பிள்ளையாக எழுந்து வந்து மூடிக்கொண்டது.

"என்ஜின் ஓடவேண்டும். அணைத்துவிட்டால் பேட்டரிக்கு அவ்வளவு தெம்பு இல்லை" என்றார்.

நான் சொன்னதும் மச்சான் தலையாட்டினார். "லோ வோல்டேஜுங்க. நம்ம மோட்டாரும் அப்படித்தான் மொனகும். அப்பவே நெனச்சேனுங்க."

"நெனச்சா சொல்றதில்லீங்களா மச்சான்!"

"நீங்க அதுகூட இங்கிலீசுல பேசிட்டு இருந்தீங்க. ஊடால எதுக்கு வரோணும்னு இருந்துட்டேனுங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு அந்தச் சிவப்பைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கறுப்புச் சீட்டில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. அடுத்து எடுத்தவர் என்ன நினைத்தாரோ.

ஊர் திரும்பியபோது கொட்டகையில் போர்வைகள் எல்லாம் மடித்து அலமாரிக்கு மேல் ஏறியிருந்தன. மிஷின் சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. மச்சான் வேண்டுமென்றே ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி, "என்னங்க? கேக்கலீங்க!" என்று சொல்லவைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில், மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருக்க, அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முன்னூறு குதிரைகள், பாய்ச்சல், மழை, சீட்டுக்குப் பனியன் போட்டது, போலீஸ்காரர், வட்டக் கண்ணாடி மிஷின். போலீஸ்காரர் மாதிரி நடித்துக்கூடக் காட்டினேன். ஒரு தோசையைத் திருப்பிப் போட்டாள். அது வேகிறவரைக்கும் யோசித்தாள்.

"ஏனுங்க" என்றாள். "அந்த ஊர்ல பஸ்சு கிடையாதுங்களா?"